ஒன்பது, தொண்ணூற்றொன்பது

என் பெயர் பட்டு, வயது 43. கணவர் பெயர் வைத்தீஸ்வரன். இரும்புலியூரில் வசிக்கிறேன். தாம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் பதினெட்டு வருடமாக ஆங்கில ஆசிரியையாக இருக்கிறேன். எங்களுக்கு ஒரே மகள். பெயர் ஸஹானா, வயது 15, வேறு பள்ளியில் பத்தாம் வகுப்பு படிக்கிறாள்.

சென்ற ஜூன் மாதம் அவள் படிப்புக்காக வீட்டில் கம்ப்யூட்டரும் இன்டர்நெட்டும் வைத்தோம். அதன் பிறகு ஸஹானா தினமும் மாலையில் யாருடனோ சாட் செய்வாள். நான் அறைக்குள் போகும்போதெல்லாம் 9 என்று அடிப்பதைப் பார்த்துள்ளேன். கேட்டதற்கு, "டெஸ்ட் மார்க்மா, ஃப்ரெண்ட் கேக்கறா" என்றாள். பாதி எழுத்தை விழுங்கி எழுதினால் ஸ்பெல்லிங் கெட்டுவிடும் என்று மட்டும் கண்டித்தேன்.

11.1.2008 வெள்ளிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் என்று சைக்கிளில் போனவள் மாலை ஏழு மணிக்குத் திரும்பினாள். உதடு வீங்கியிருந்தது. சைக்கிளிலிருந்து விழுந்ததாகச் சொன்னாள். மருந்து போட்டுவிட்டேன். சைக்கிளைப் போய்ப் பார்க்கத் தோன்றவில்லை. அதன் பிறகு அவள் சரியாகச் சாப்பிடவும் இல்லை, பேசவும் இல்லை.

13-ஆம் தேதி ஞாயிறு காலை அவளுடைய வகுப்புத் தோழி ஜெயப்ரியா பார்க்க வந்தாள். ஸஹானா தூங்கிக்கொண்டிருந்தபடியால், கம்ப்யூட்டரில் இருந்த சாட்டைத் திறந்து, இதற்கெல்லாம் என்ன அர்த்தம் என்று ஜெயப்ரியாவைக் கேட்டேன். முதலில் மறுத்தாள், பின்பு அழுதுகொண்டே சொன்னாள். "ஒன்பதுன்னா அம்மா பக்கத்துல நிக்கறாங்கன்னு அர்த்தம் ஆன்ட்டி. தொண்ணூத்தொம்பதுன்னா போயிட்டாங்க." தன்னைப் பதினேழு வயது பிரணவ் என்று சொல்லிக்கொண்ட ஒருவன், மறுபடி வராவிட்டால் வெள்ளிக்கிழமை எடுத்த படங்களை அப்பாவின் ஆபீசுக்கு அனுப்புவதாக எழுதி, ஒரு செல் நம்பரும் கொடுத்திருந்தான்.

போலீசுக்குப் போனால் மகள் பெயர் வெளியே வரும் என்று கணவர் பயந்தார். ஆகவே ஸஹானாவின் பெயரில் நானே பதில் அடித்தேன். "முழுசா எழுதாதீங்க ஆன்ட்டி, கண்டுபுடிச்சிடுவான். புள்ளி வைக்காதீங்க" என்று ஜெயப்ரியா சொல்லச் சொல்ல அப்படியே அடித்தேன். மறுநாள் நாலு மணிக்குப் பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப்புக்கு வருவதாக அவன் எழுதினான்.

மறுநாள் போகி. பொங்கலுக்கு ஊருக்குப் போகிற கூட்டம் அதிகமாக இருந்தது. நானும் கணவரும் நின்றோம். பையன் யாரும் வரவில்லை. கணவர் அந்த நம்பருக்குப் போன் செய்தபோது, எங்களுக்கு முன்னால் நின்ற, முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஆளின் சட்டைப்பையில் மணி அடித்தது. கணவர் அவன் கையைப் பிடித்தார். "இன்னா சார், பஸ்ஸுக்கு நின்னுகினு கீறேன், கைய வுடு" என்று திமிறினான். போக்குவரத்துக் காவலர் வந்து பிடித்து நிலையத்தில் ஒப்படைத்தார். அவன் பெயர் ஜெயவேலு என்று பிறகு அறிந்தேன்.

வீட்டுக்குப் போய் மகளிடம் விவரம் சொன்னேன். "என் பேர்ல நீ எழுதினியா? எல்லாத்தையும் படிச்சியா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அதன் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை.

இன்று நிலையத்தில் அவன் செல்போனிலிருந்த படங்களைக் காட்டி அடையாளம் கேட்டார்கள். என் மகள் தவிர இன்னொரு பெண்ணும் இருந்தாள். அவள் என் பள்ளி யூனிஃபார்ம் அணிந்திருந்தாள். என் வகுப்பில் இரண்டாவது பெஞ்சில் உட்காருகிறவள். அவள் பெயரை ஆய்வாளரிடம் தனியாகச் சொன்னேன், இதில் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அவள் அம்மாவுக்கு இன்னும் எதுவும் தெரியாது. காவலர் யாரும் அந்த வீட்டுக்குப் போவதற்கு முன் நான் போய்ச் சொல்ல அனுமதி கேட்டுள்ளேன்.

மேலே உள்ளதை வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே எழுதப்பட்டிருக்கிறது, நடந்தபடியே சொல்லியிருக்கிறேன்.

(ஒப்பம்) வை. பட்டு
16.1.2008