சிஞ்ஞோராவின் வம்சம்

"ஐஞ்சு தலைமுறையிலையும் மூத்தவனுக்கு ஜோன் எண்டுதான் பேர் வைச்சிருக்கினம். அதிலை எவன் எவனுக்குத் தேப்பன் எண்டு என்னைக் கேக்கிறா!"

பல்லரோ சந்தைப் பக்கம் பஸ்ஸில் ஏறிய இரண்டு தமிழ்ப் பெண்கள் எனக்கு முன்னால் இருந்தார்கள். எரிந்து விழுந்தவர் மூத்தவர். அமெரிக்காவிலிருந்து இத்தாலியின் பலெர்மோ நகருக்கு வந்து குடியிருக்கும் ஒரு சிஞ்ஞோராவின், அதாவது ஒரு சீமாட்டியின், வீட்டில் வேலை செய்கிறாராம்.

"பரம்பரை தேடுறாவோ அக்கா?"

"ஓம். அமெரிக்காவிலை முதல்முதல் குடியேறின ஆக்களாம். கொம்பியூட்டரிலை பழைய கடதாசியளைத் திறந்து வைச்சுக்கொண்டு என்னை ஒரு வேலை செய்ய விடுறாவில்லை. போன கிழமை ஒரு ஜோனின்ரை உயில் கிடைச்சுது. கட்டில் மகனுக்கு, சிவத்தப் பசு மகளுக்கு, அடிமைப் பொம்பிளை மனிசிக்கு எண்டு வாசிச்சா. அந்தப் பொம்பிளைக்கு என்ன பேர் எண்டு கேட்டன்."

"என்னவாம்?"

"எழுதேல்லையாம். பசுவுக்கு நிறம் எழுதியிருக்கிறான், அவளுக்குப் பேர் எழுதேல்லை. சிஞ்ஞோரா கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப் போட்டுக்கொண்டு அந்த வரியைத் திரும்பவும் வாசிச்சா. அடுத்த நாளிலையிருந்து ஜோன்மாரை விட்டிட்டு அவளைத் தேடுறா. அவவுக்குக் கண் பத்தாது. நான்தான் பக்கத்திலை இருந்து ஒவ்வொரு எழுத்தாய்ப் பெரிசாக்கிக் காட்டவேணும். அயன் போட்டு மினுக்கவேண்டிய உடுப்பெல்லாம் குவிஞ்சு கிடக்கு."

"பேர் கிடைச்சதோ?"

"இல்லை. அந்த ஊர் வேதக்கோயில் ஞானஸ்நானப் பதிவுப் புத்தகம் ஒண்டு பாக்க மிச்சம் கிடக்கு."

மூத்தவர் மணியை அழுத்திவிட்டு எழுந்தார்.

"அக்கா, இண்டைக்கு உங்களுக்கு லீவெல்லோ? எங்கை போறியள்?"

"வேறை எங்கை? சிஞ்ஞோரா வீட்டைதான்," என்று எரிச்சலோடு சொல்லிவிட்டு இறங்கி விறுவிறுவென்று நடந்தார்.