கூர்முனை இல்லாத கோடு

எந்த வேலையையும் நான் அவசரப்பட்டுச் செய்கிறவன் அல்ல, ஐயா. எங்கள் குடியிருப்பின் இணையதளத்துக்கு ஒரு சார்ட் லைப்ரரியைத் தேர்ந்தெடுக்கவே பதினாறு நாள் எடுத்துக்கொண்டேன். எண்களைக் கொடுத்தால் கோட்டுப்படமாக வரைந்து தருகிற ஆயத்த நிரல், அவ்வளவுதான்.

சூரமங்கலத்துக்கு அப்பால் நானூறு வீடுகள், ஒரே கிணறு, ஒரே தொட்டி. தண்ணீரில் கிருமி எவ்வளவு என்று ஆய்வகத்திலிருந்து அகல்யா தினமும் ஓர் எண் அனுப்புவாள். சனங்கள் செல்போனில் பார்க்கும்படி அதைப் படமாக்குவது என் பொறுப்பு.

முதல் லைப்ரரி ஒவ்வொரு எண்ணையும் உள்ளபடியே குத்தி வைத்தது; படம் முள்வேலி மாதிரி இருந்தது. இரண்டாவது, பழைய போன்களில் திறக்கவே திணறியது. மூன்றாவதில் மேடுபள்ளங்களைச் சமப்படுத்தும் வசதி உண்டு. சங்கத் தலைவர் நவநீதகிருஷ்ணன், "இதுதானுங்க கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்குது" என்றார். அதையே வைத்தேன்.

பன்னிரண்டாம் தேதி சாக்கடைக் குழாய் உடைந்து கிணற்றில் கலந்தது. அகல்யா போன் செய்தாள்.

"ஏனுங்க அறிவழகண்ணா, தொண்ணூறுன்னு அனுப்பிச்சேனுங்க. படத்துல பதிமூணுதான காட்டுது? ஆபத்து அளவுன்னு போட்ட செவப்புக் கோட்டுக்குக் கீழயே நிக்குதுங்க."

"அது ஏழு நாள் சராசரிம்மா. ஒரு நாள் எண்ணை வெச்சு ஊரைப் பதற வைக்கக் கூடாது."

"சனம் குடிக்கறது ஒரு நாள் தண்ணியத்தானுங்க."

சின்னப் பெண். புள்ளியியல் படித்தவள் அல்ல.

சமப்படுத்துவதை நிறுத்த ஒரு சொடுக்கு போதும். மறுநாள் எங்கள் தளத்துக்கு விருது தர ஆட்கள் வருவதாக இருந்தது. முள்வேலியைக் காட்டி விருது வாங்க முடியுமா?

நாலே நாளில் நாற்பத்தொரு பேர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். பொன்னனின் தாய் சின்னாயி, சந்திரசேகரின் கைக்குழந்தை, இன்னும் நான்கு பேர் வீடு திரும்பவில்லை. பொன்னன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டி, "இந்தப் படத்தப் பாத்துட்டுத்தானுங்க எங்கம்மாளுக்குத் தண்ணி குடுத்தேன்" என்றார். பள்ளிக்கூடம் போகாதவருக்கும் புரிகிற மாதிரி படம் அமைந்திருந்ததில் எனக்கு ஒரு திருப்தி.

நான் யாருக்கும் கெடுதல் நினைத்தவன் அல்ல. அகல்யாவின் போனை வைத்த கையோடு என் மனைவியிடம்தான் பேசினேன்.

"பிரபா, குழாய்த் தண்ணியத் தொடாத. புள்ளைகளக் கூட்டிக்கிட்டு மல்லசமுத்திரம் உங்கப்பா ஊட்டுக்குப் போயிரு."

"சரிங்க. பக்கத்து ஊட்டுலயும் ஒரு வார்த்த சொல்லட்டுங்களா?"

வேண்டாம் என்றேன். அவர்களுக்குத்தான் படம் இருக்கிறதே.