பாலத்தில் இறந்தவர்

எங்கள் அருங்காட்சியகத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் முதலில் கேட்பது கழிப்பறை எங்கே என்றுதான். அதில் எனக்கு வருத்தமில்லை. போய்விட்டுத் திரும்பும் வழியில் ஒரு பீரங்கியையாவது பார்க்காமல் வெளியே போக முடியாதபடிதான் நான் அறைகளை அமைத்து வைத்திருக்கிறேன்.

இன்ஸ்பெக்டர் சார், நீங்கள் முதல்நாள் வந்தபோதும் அதைத்தான் கேட்டீர்கள். கையைத் துடைத்துக்கொண்டே வந்து, "ரொம்பச் சுத்தமா வச்சிருக்கீங்கம்மா" என்றீர்கள். பாராட்டு மாதிரி இருந்தாலும் உங்கள் கண் என் முகத்தைவிட்டு நகரவில்லை. எனக்கு அது பழக்கமான பார்வை. நானும் நாள் முழுக்க அப்படிப் பார்ப்பவள்தான். எந்தப் பிள்ளை வெற்றுத் தோட்டாவைக் கால்சட்டைப் பைக்குள் நழுவவிடுகிறது, யார் கண்ணாடிப் பெட்டியில் சாய்கிறார்கள் என்று முதுகிலும் ஒரு கண் வைத்திருக்க வேண்டிய வேலை இது. ஆகவே நீங்கள் சந்தேகப்பட்டதை நான் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை.

அருங்காட்சியகம் என்று பெயர்தான் பெரிது. இரண்டு கூடம், பின்னால் ஒரு கொட்டகை, அவ்வளவுதான். முன்பு தபால் பிரிக்கும் கட்டடமாக இருந்தது. நகராட்சி அதைக் கொடுத்தபோது சுவரெல்லாம் பசை நாற்றம். நான்தான் தேய்த்துக் கழுவினேன். முதலில் கூட்டிப் பெருக்குகிறவளாக வந்தேன். பிறகு சீட்டுக் கொடுத்தேன். பிறகு பொறுப்பாளர் என்று கதவில் என் பதவியை எழுதிவிட்டார்கள். காரணம் என் கணவர். ஆற்றுப்பாலச் சண்டையில் எதிரியைத் தடுத்து நிறுத்திய படைப்பிரிவில் அவரும் ஒருவர். மற்றவர்களின் உடல்கள் வந்தன. அவருடையது வரவில்லை. ஆறு கொண்டுபோய்விட்டது என்று சொன்னார்கள். மகள் அப்போது கைக்குழந்தை.

பெரிய கூடத்தின் நடுவில் இருக்கும் கண்ணாடிப் பெட்டி அவருடையது. உண்மையைச் சொன்னால் அதில் இருந்த எதுவும் அவருடையது இல்லை. சட்டை வேறொருவருடையது, தோள் பெரிதாக இருந்ததால் நானே பிரித்துத் தைத்தேன். தலைக்கவசம் கிடங்கிலிருந்து வந்தது. படம் மட்டும் அவர் படம். அதைப் பார்த்தே என் மகள் வளர்ந்தாள். போரில் இறந்தவரின் பிள்ளை என்பதால் ராணுவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. இப்போது கேப்டன்.

இந்த வருடம் புதிதாகச் சில பொருள்கள் சேர்த்தோம். பிள்ளைகள் ஏறி உட்கார ஒரு பழைய ஜீப். காதில் வைத்தால் கட்டளைகள் கேட்கும் ஒரு கள டெலிபோன். எல்லாவற்றுக்கும் மேலாக, கொட்டகையில் ஒரு பதுங்குகுழி. அது எங்கள் கமிட்டித் தலைவரின் ஆசை. அவரை ஊரில் கேன்டீன் மேஜர் என்பார்கள். முழு சர்வீசும் பொருள்கிடங்கில் கழித்தவர். அவர் நேரில் கண்ட ஒரே தாக்குதல், ரம் கொடுக்கும் நாளில் வரிசை கலைந்ததுதான். ஆனால் பதுங்குகுழி எப்படி இருக்க வேண்டும் என்று அவர் சொல்லக் கேட்டால் நமக்கே மண்வாசம் அடிக்கும். மணல்மூட்டை, தாழ்ந்த கூரை, இரும்புக் கதவு, உள்ளே ஒரு பலகை. கதவை மூடியதும் இருட்டில் குண்டு விழும் சத்தம் கேட்கும், தரை அதிரும், மேடை நாடகத்தில் விடுவார்களே, அந்த மாதிரி வெள்ளைப் புகை ஒரு துவாரம் வழியாக வரும்.

ஒலி, விளக்கு எல்லாம் அமைத்தது எங்கள் எலக்ட்ரீஷியன். அவரைச் சவுண்டு என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். கரண்ட் அடிக்கடி போவதால் ஜெனரேட்டரைப் பதுங்குகுழிச் சுவருக்கு வெளியேதான் வைத்திருந்தோம். வேலை முடிந்த அன்று அவர் என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார்.

"அக்கா, ஜெனரேட்டர் போடுறப்போ இந்தத் துவாரத்து மூடியை மறக்காம மூடிருங்க. ஜெனரேட்டர் புகை உள்ள போச்சுன்னா ஆளு தூங்குற மாதிரியே போயிருவான். இருமக்கூட மாட்டான்."

நான் அவருக்கு நன்றி சொன்னேன். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. அதைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

பதுங்குகுழித் திறப்பு விழாவுக்கு மகள் சீருடையில் வந்தாள். அப்பா படத்துக்கு முன்னால் நின்று சல்யூட் அடித்தாள். கேன்டீன் மேஜர் அழுதே விட்டார். அவள் சல்யூட் அடிக்கும் படம் பேப்பரில் வந்தது. மறுவாரம் ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நிரம்பி வழிந்தது.

அன்று நான் வழக்கம்போல் பாலச் சண்டையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் சொல்லும்போது யாரும் பேச மாட்டார்கள். கடைசித் தோட்டா வரை சுட்டார், பிறகு துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்தார் என்ற இடம் வரும்போது, பின்வரிசையில் ஒருவர் இடதுகாலில் பாரத்தைப் போட்டு, வலது குதிகாலைத் தூக்கியபடி நிற்பதைப் பார்த்தேன். தலை முழுக்க நரை. கன்னம் ஒட்டியிருந்தது. ஆனால் அப்படி நின்றுதான் ஒருவர் எங்கள் அடுப்படி வாசலில் என்னோடு பேசிக்கொண்டிருப்பார்.

நான் நிறுத்தவில்லை. ஆறு அவரைக் கொண்டுபோயிற்று என்ற வரி வரை சொல்லி முடித்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். அவரும் தட்டினார்.

கூட்டம் ஜீப் பக்கம் நகர்ந்ததும் கிட்டே வந்தார்.

"நல்லா சொல்றீங்க டீச்சர்."

நான் டீச்சர் வேலை பார்த்ததே இல்லை. எதற்கெடுத்தாலும் விளக்கம் சொல்கிறேன் என்று கல்யாணமான புதிதில் அவர் வைத்த பெயர் அது. வேறு யாருக்கும் தெரியாது.

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல. என் பேரே இப்ப வேற. மரவேலை பாக்குறேன். பாப்பா போட்டோவைப் பேப்பர்ல பாத்தேன். என் மூக்கு அப்படியே. ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போலாம்னு தோணுச்சு."

"நாளைக்கு லீவு. யாரும் வர மாட்டாங்க. நாளைக்கு வாங்க, நிதானமாப் பேசலாம்."

இதை வைத்து நான் அப்போதே முடிவு செய்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். பேசத்தான் கூப்பிட்டேன்.

திங்கட்கிழமை மதியம் வந்தார். பின்கதவைத் திறந்துவிட்டேன். டீ போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை கம்மியாகப் போடு என்றார். முன்பெல்லாம் அள்ளிப் போட்டுக்கொள்வார். பாலத்தில் நடந்ததை அவரே சொன்னார். எதிரி சுடத் தொடங்கியதும் ஆற்றில் இறங்கிவிட்டார். நாணலுக்குள் கழுத்தளவு தண்ணீரில் நின்றார். மேலே கூட இருந்தவர்களின் குரல் ஒவ்வொன்றாக அடங்கியதைக் கேட்டுக்கொண்டே நின்றிருக்கிறார். பிறகு நீரோட்டத்தோடு போய்விட்டார்.

"பயமா இருந்துச்சு டீச்சர். வேற ஒண்ணும் இல்ல."

பயந்தவரை என்னால் புரிந்துகொள்ள முடியும். நான் கல் நெஞ்சக்காரி இல்லை. ஆனால் அந்தக் கூடத்தைப் பாருங்கள் என்று சொன்னேன். சுவரில் பிள்ளைகள் வரைந்து ஒட்டிய ஓவியங்களைக் காட்டினேன். எல்லாவற்றிலும் பாலம், எல்லாவற்றிலும் அவர். மகளின் வேலையைச் சொன்னேன். பாலத்தில் இறந்தவர்களின் வீட்டார் வருடாவருடம் வந்து அவர் பெட்டி முன்னால்தான் நிற்கிறார்கள் என்று சொன்னேன். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார்.

"நான் யார்கிட்டயும் வாயைத் திறக்க மாட்டேன். இத்தனை நாள் திறந்தேனா?"

உண்மைதான். ஆனால் ஒருவர் வாயைத் திறக்க மாட்டேன் என்று சொல்வதை நம்பி ஓர் அருங்காட்சியகத்தை நடத்த முடியாது. ஒருமுறை காலை வாரியவர் மறுமுறை வார மாட்டார் என்று என்ன நிச்சயம்? சாகும் வயதில் மனிதர்களுக்கு உண்மை பேசும் ஆசை வந்துவிடுகிறது. பெட்டியின் எதிரில் உட்கார்ந்து கதை சொல்லும் எத்தனையோ பழைய சிப்பாய்களிடம் அதை நான் பார்த்திருக்கிறேன்.

பதுங்குகுழியைப் பார்க்கிறீர்களா என்று கேட்டேன். சிறுபிள்ளைபோல் எழுந்து வந்தார். குனிந்து உள்ளே போய்ப் பலகையில் உட்கார்ந்து மூட்டைகளைத் தட்டிப் பார்த்தார்.

"இவ்வளவு சுத்தமான குழியை நான் பாத்ததே இல்ல" என்று சிரித்தார்.

கதவைச் சாத்தினேன். சாத்தினால்தான் காட்சி நன்றாக இருக்கும். தாழ்ப்பாள் வெளிப்பக்கம். அன்று கரண்ட் இருந்தது. இருந்தாலும் ஜெனரேட்டரைப் போட்டேன். மூடியைத் திறந்து, புகைக்குழாயின் வாயைத் துவாரத்துப் பக்கம் திருப்பி வைத்தேன். குழாய் இன்னும் சூடாகவில்லை. பிறகு குண்டுச் சத்தத்தை ஓடவிட்டேன். அது முடிந்ததும் அவர் கதவைத் தட்டினார். மறுபடி ஓடவிட்டேன். டீச்சர், டீச்சர் என்று கூப்பிடுவது அதையும் மீறிக் கேட்டதால் சத்தத்தைக் கூட்டினேன். பக்கத்து டெய்லர் மதில்மேல் தலையை நீட்டி, "அக்கா, கொஞ்சம் குறைங்க, மெஷின்ல ஊசி நிக்க மாட்டேங்குது" என்றார். ஒத்திகை நடக்கிறது, சீக்கிரம் முடிந்துவிடும் என்றேன். அவர் உங்களிடம் சொன்னது சரிதான். கொஞ்ச நேரத்தில் குறைத்துவிட்டேன். அதற்குமேல் தேவைப்படவில்லை.

மறுநாள் காலையில் எலக்ட்ரீஷியன் சவுண்டை விட்டே கதவைத் திறக்கச் சொன்னேன். பாவம், அலறிக்கொண்டு வெளியே ஓடிவந்தார். நான் எட்டிப் பார்த்து, இவர் யாரென்று தெரியவில்லையே என்றேன். நான் பெருக்கிக்கொண்டிருந்தபோது பின்கதவு வழியாக நுழைந்திருப்பார் என்றேன். செத்துக் கிடந்தவர் முகம் வெட்கப்பட்டவர்போலச் சிவந்திருந்தது. வயதானவர், அடைசலான இடம், மூச்சு முட்டியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். நீங்கள் மட்டும் அந்த மூடியையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள்.

பிறகு அவரைத் தேடிக்கொண்டு ஒரு பெண் வந்தார். கூட வாலிப வயதில் மகன். அந்தப் பையனுக்கும் அதே மூக்கு. என் மகளைப் பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். இவர் என் வீட்டுக்காரர்தான், தச்சர், ஒரு வேலையாகப் போய்வருகிறேன் என்று கிளம்பினார் என்று அழுதார். நான் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். தண்ணீர் கொடுத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க நல்லா இருக்கணும்கா" என்றார். அழுகைக்கு நடுவில்தான், "கையில வாட்ச் இல்லையே, குளிக்கறப்பக்கூட கழட்ட மாட்டாரே" என்றார்.

நீங்கள் அவரைப் பார்க்கவில்லை. என் கைகளைப் பார்த்தீர்கள்.

அடுத்த நாள் சீட்டு வாங்கிக்கொண்டு வந்து பெரிய கூடத்தில் ஒரே பெட்டியின் முன்னால் வெகுநேரம் நின்றீர்கள். பிறகு மெதுவாகக் கேட்டீர்கள். "பாலத்துல செத்தவரோட வாட்ச் இன்னும் ஓடுதேம்மா?"

அது எங்கள் கல்யாணத்துக்கு என் அப்பா அவருக்கு வாங்கிக் கொடுத்தது. சாவி கொடுத்தால் ஓடும் வகை. இன்னொரு வீட்டுச் சுவராணியில் தொங்க அதற்கு எந்த நியாயமும் இல்லை. அந்தப் பெட்டியில் நிஜமாகவே அவருடையது என்று சொல்ல ஒரு பொருளாவது வேண்டாமா? காலையில் திறந்ததும் நான்தான் சாவி கொடுப்பேன். கொடுக்காமல் விட்டிருக்க வேண்டும். அது நிற்பதைப் பார்க்க மனம் வரவில்லை.

சட்டம் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் யோசித்துப் பாருங்கள். அவர் இறந்துவிட்டார் என்று அரசாங்கமே கல்லில் வெட்டி வைத்திருக்கிறது. நான் சொல்லிய கதையில் அவர் தைரியமாக இறந்தார். நாணலில் நின்றவரைவிட அந்த மனிதர் எவ்வளவோ உயர்ந்தவர். அவரைக் காப்பாற்றத்தான் மற்றவரைப் போகவிட்டேன்.

அன்று அவரை இங்கே கொண்டுவந்து விட்ட டாக்ஸிக்காரரைக் கண்டுபிடித்துவிட்டதாக இன்று காலை சொன்னீர்கள். ஆமாம், வாசலுக்குப் போய், பெரியவர் வர நேரமாகும், நீங்கள் காத்திருக்க வேண்டாம் என்று அவரை அனுப்பியது நான்தான். உள்ளே அவர் டீ குடித்து முடித்ததும் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். அப்படியானால் அவர் அன்றே திரும்பப்போகிறார் என்பது உங்களுக்குத் தெரியும் அல்லவா என்று கேட்கிறீர்கள். தெரியும். அவரே சொன்னார்.

"வண்டி நிக்குது டீச்சர். பொழுது சாயறதுக்குள்ள போய்ச் சேரணும். வீட்ல தேடுவாங்க."

"எந்த வீட்ல?" என்று கேட்டேன்.

"வீட்லதான்" என்றார். கேள்வி அவருக்குப் புரியவே இல்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, உள்ளே வரும்போது கழற்றிய செருப்பு எங்கே என்று குனிந்து தேடத் தொடங்கினார்.

அப்போதுதான் நான் வாசலுக்குப் போனேன்.

அவர் இங்கேயே தங்கிவிடுவாரோ, எல்லாம் வெளியே வந்துவிடுமோ என்ற பயத்தில் செய்தேன் என்று உங்கள் ஆள் தட்டச்சு செய்து வைத்திருக்கிறார். அதைத் திருத்த வேண்டாம் சார். மகள் படிப்பாள், அவளுக்கு அந்தக் காரணம் மரியாதையாக இருக்கும்.