சட்டிப்பாறையில் அறுபத்தொரு செடிகள்

மழைக்காலத்தில் குன்னூரில் செய்தித்தாள்கூடக் காய்வதில்லை. எங்கள் வேலைக்கு அதுதான் பெரிய தொல்லை. மலையிலிருந்து பறித்து வரும் செடியைத் தாள்களுக்கு நடுவில் வைத்து அழுத்தி, தினமும் தாளை மாற்ற வேண்டும். ஈரத்தாளில் ஒரு நாள் கூடுதலாகக் கிடந்தால் பூ கறுத்துவிடும். நான் பத்தொன்பது வருடமாக ஒவ்வொரு தாளையும் இஸ்திரி போட்டுத்தான் மாற்றி வருகிறேன். நான் கவனக்குறைவான ஆள் இல்லை என்று நீங்கள் தெரிந்துகொள்வதற்காகச் சொல்கிறேன்.

காவல் ஆய்வாளர் ஜெஸிந்தா மேடம், போன ஆகஸ்டில் நீங்கள் இரண்டு முறை எங்கள் தாவர ஆய்வகத்துக்கு வந்து என்னை விசாரித்தீர்கள். இரண்டு முறையும் உட்காரச் சொல்லி டீ கொடுத்தேன். பதிலும் சொன்னேன். அது பொய். இப்போது யாரும் கேட்காமல் நானே எழுதித் தருகிறேன்.

நானும் தங்கவேலுவும் பதினோரு வருடமாக ஒரே வேலையில் இருந்தோம். வாசலில் வளர்க்கிறோமே காசித்தும்பை, அதன் காட்டு உறவுகளை வகைப்படுத்துவதுதான் அந்த வேலை. விரல் உயரச் செடி. மழை தொடங்கியதும் ஈரப்பாறையின் பாசியில் முளைத்து, பூத்து, மழை நின்றதும் வாடிப் பாசிக்குள் கிழங்காக உறங்கிவிடும். சில இனங்கள் ஒரே ஒரு பாறையில் மட்டும் இருக்கும். எது தனி இனம், எது பழைய இனத்தின் வேறு நிறம் என்பதை, பூவைப் பிரித்து உள்ளே பார்த்துத்தான் சொல்ல முடியும். தனி இனம் என்று ஆனால்தான் அந்தப் பாறைக்குப் பாதுகாப்பு கேட்க முடியும்.

முன்பு ஒருமுறை, அபூர்வமான ஒரு செடி இருக்கும் இடத்தைக் கட்டுரையில் எழுதிவிட்டோம். அடுத்த வருடம் கேமராவைத் தூக்கிக்கொண்டு கூட்டம் வந்தது. அதற்கடுத்த வருடம் பாசியும் இல்லை, செடியும் இல்லை, பாறை மட்டும் இருந்தது. அதன் பிறகு நாங்கள் ஒரு வழக்கம் வைத்தோம். எந்தப் பதிவேட்டிலும் உண்மையான இடத்தை எழுதுவதில்லை. அதற்குப் பதிலாக வேறொரு இடத்தின் பெயரை எழுதுவோம். வெளியே போகும்போது கையெழுத்துப் போடும் பதிவேட்டிலும் அந்தப் பொய் இடம்தான் இருக்கும். உண்மை இடம் செடியைக் கண்டுபிடித்தவர்களுக்கு மட்டுமே தெரியும். அலுவலகத்தில் மற்றவர்களுக்கு இப்படி ஒரு வழக்கம் இருப்பதே தெரியாது.

சட்டிப்பாறை மஞ்சூர் தாண்டி இருக்கிறது. பஸ் ரோட்டிலிருந்து ஒரு மணி நேரம் இறங்க வேண்டும். போன ஜூலையில் நாங்கள் இருவரும் போனபோது, வெள்ளையில் ஊதா வரி ஓடும் பூவை நான்தான் முதலில் பார்த்தேன். எண்ணினோம், அறுபத்தொன்று. ஒரே ஒரு பூவை எடுத்து, கெடாமல் இருக்க ஸ்பிரிட் குப்பியில் போட்டுக்கொண்டேன். பதிவேட்டில் 'மேட்டுச்சோலை ஓடை' என்று எழுதினோம். அது பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம், வேறு மலை.

பார்த்த மாத்திரத்திலேயே இது புது இனம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தங்கவேலுவுக்குச் சந்தேகம். அவருக்கு எதில்தான் சந்தேகம் இல்லை. ஹோட்டலில் இட்லியைக்கூடப் புரட்டிப் பார்த்துத்தான் சாப்பிடுவார். "உள்ள பிரிச்சுப் பாக்காம பேரு வெக்க வேண்டாங்க அக்கா" என்று அந்த மாதம் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார். பார்க்கலாம் என்றேன். கட்டுரையையும் எழுதத் தொடங்கினேன்.

ஆகஸ்ட் முதல் ஞாயிறு அவர் என்னிடம் சொல்லாமல் தனியாகப் போனார். எங்கள் விதிப்படி இரண்டு பேர் போக வேண்டும். பதிவேட்டில் வழக்கம்போல மேட்டுச்சோலை ஓடை என்று எழுதியிருந்தார். திங்கள் காலை அவர் மனைவி காயத்ரி அரவேணுவிலிருந்து போன் செய்தாள், இரவு வீடு திரும்பவில்லை என்று. பதிவேட்டைப் பார்த்துவிட்டுத் தேடும் குழு மேட்டுச்சோலைக்குக் கிளம்பியது. நான் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு மஞ்சூர் பஸ்ஸில் ஏறினேன். முதலில் பார்ப்போம், பிறகு சொல்வோம் என்று நினைத்தேன்.

பாதி இறக்கத்தில் விசில் கேட்டது. காட்டுக்குப் போகும்போது கழுத்தில் விசில் மாட்டிக்கொள்வோம். மூன்று முறை ஊதினால் உதவி வேண்டும் என்று அர்த்தம். மூன்று முறைதான் ஊதினார். நான் அங்கேயே நின்றுவிட்டேன். அவர் உயிரோடு இருக்கிறார் என்ற சந்தோஷம் என்று நீங்கள் நினைக்கலாம், நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

சட்டிப்பாறைக்குக் கீழே, மூன்று ஆள் ஆழத்தில், ஒரு திட்டில் கிடந்தார். வலது கால் தப்பான பக்கம் திரும்பியிருந்தது. என்னைப் பார்த்ததும் அழுதுவிட்டார். "அக்கா, நீங்க வருவீங்கன்னு தெரியுமுங்க. காலு ஒடிஞ்சு போச்சு. ஆளுகளக் கூட்டிட்டு வாங்க."

நான் பாறையைப் பார்த்தேன். திட்டுக்கு இறங்க வேறு வழி கிடையாது. கயிறு கட்டி, இருபது பேர் ஷூவோடு அந்தப் பாசியின் மேல்தான் இறங்கியாக வேண்டும். ஈரப்பாசி பாய் மாதிரி உரிந்து வந்துவிடும். செடிகளை எண்ணினேன். அவர் வழுக்கியதில் நான்கு போயிருந்தன, மீதி ஐம்பத்தேழு. ஐம்பத்தேழிலும் அப்போதுதான் காய் பிடித்திருந்தது. நான் தயங்குவதைப் பார்த்து அவர் ஏதோ சொன்னார். வலியில் இருப்பவர் பேச்சு.

ஃபிளாஸ்க்கையும் பிஸ்கட் பாக்கெட்டையும் பையில் போட்டுத் துப்பட்டாவில் சுற்றிக் கீழே போட்டேன். மழைக்கோட்டையும் கழற்றிப் போட்டேன். "இதோ வந்துடறேன்" என்றேன். நனைந்துகொண்டே ஏறி வந்தேன்.

மறுநாள் காயத்ரி ஆய்வகத்துக்கு வந்தாள்.

"அக்கா, அவரு எழுதி வெச்ச எடத்துல தேடிட்டே இருக்கறாங்க. ஒரு செருப்புக்கூடக் கெடைக்கலீங்க. வேற எங்கயாச்சும் போயிருப்பாருங்களா?"

"எழுதின இடத்துக்குத்தானே போயிருப்பார், காயத்ரி."

"உங்களுக்குத் தெரியாம எங்க ஊட்டுக்காரரு எங்கயும் போக மாட்டாருங்களே."

அப்போது அவள் பார்வை மேசைக்கு அடியில் போனது. என் ஷூ ஈரமாக அங்கே இருந்தது. குதிகாலில் பச்சைப் பாசி ஒட்டியிருந்தது. அவள் குனிந்து அந்த ஷூவை எடுத்தாள். "உள்ள பேப்பரத் திணிச்சு வைங்க அக்கா, சுருக்கா காயும்" என்று சொல்லி, என் செய்தித்தாள் அடுக்கிலிருந்து இரண்டைக் கசக்கி அவளே திணித்து வைத்தாள். அவ்வளவு பயத்தை அதற்கு முன்னால் நான் அறிந்ததில்லை.

புதன்கிழமை மறுபடி போனேன். பாதி இறக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்டேன். மழை கொஞ்சம் விட்டபோது விசில் வந்தது. இரண்டு முறை, பிறகு வெகுநேரம் கழித்து ஒரு முறை. அதற்குக் கீழே இறங்கவில்லை. ஒரே வாரத்தில் இரண்டு தடவை அந்தப் பாறையை மிதிப்பது செடிக்கு நல்லதில்லை. வெள்ளிக்கிழமை போனபோது மழைச்சத்தம் மட்டும்தான் இருந்தது. திரும்பும் பஸ்ஸில் கண்டக்டர் விசில் ஊதினார். கையிலிருந்த சில்லறை எல்லாம் கொட்டிவிட்டது. பக்கத்தில் இருந்த அம்மா பொறுக்கிக் கொடுத்தார். இன்றுவரை நான் பஸ்ஸில் ஏறுவதில்லை, ஆய்வகத்துக்கு நடந்தே வருகிறேன்.

இது மார்ச் மாதம். காய்கள் வெடித்து, விதை விழுந்து, செடி கிழங்காக உறங்குகிறது. ஆகவே நீங்கள் தாராளமாக ஆட்களோடு போகலாம். இத்துடன் வரைபடம் வைத்திருக்கிறேன். மே மாதத்துக்குள் அவரை எடுத்துவிடுங்கள். முடிந்தால் எல்லோரையும் ஷூவைக் கழற்றிவிட்டு இறங்கச் சொல்லுங்கள்.

என் கட்டுரையைப் போன வாரம் அச்சுக்கு ஏற்றுக்கொண்டார்கள். புது இனத்துக்குத் தங்கவேலுவின் பெயரைத்தான் வைத்திருக்கிறேன். அதன் பின்னால், பெயர் வைத்தவள் என்று என் பெயர் வரும். அது உலக வழக்கம். காயத்ரியிடம் சொன்னபோது அழுதாள். சந்தோஷம் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

அவர் ஏதோ சொன்னார் என்று மேலே எழுதினேன். வாக்குமூலம் என்றால் முழுதாக இருக்க வேண்டும், ஆகவே அதையும் எழுதிவிடுகிறேன். "அக்கா, செடியப் பத்தி ரோசிக்காதீங்க. பூவப் பிரிச்சு லென்ஸ் வெச்சுப் பாத்துட்டேனுங்க. இது புதுசில்லீங்க, பழைய செடிதான். கோத்தகிரிப் பக்கம் வேணுங்கற அளவுக்கு இருக்குது. தைரியமா ஆளுகளக் கூட்டிட்டு வாங்க."

மேலே ஏறி வர வேண்டும் என்பதற்காக ஒரு மனிதர் எதையும் சொல்வார். நான் அதை நம்பவில்லை. நம்பியிருந்தால் ஓடிப்போய் ஆளைக் கூட்டி வந்திருப்பேன். ஜூலையில் எடுத்த பூ அதே ஸ்பிரிட் குப்பியில் என் மேசை மேல்தான் இருக்கிறது. பிரித்து நுண்ணோக்கியில் வைத்தால் அவர் சொன்னது சரியா தப்பா என்று தெரிந்துவிடும். பத்து நிமிட வேலை. ஏழு மாதமாக எனக்கு நேரம் கிடைக்கவில்லை.