சக்கரத்துக்கு ஒரு கட்டை

என் கார் முப்பது வருஷத்துப் பழையது. கியர் கம்பியின் தலை தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டது, எண்கள்கூட அழிந்துவிட்டன. ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு கையை வைத்தால் எந்த கியரில் நிற்கிறது என்று சொல்லிவிடுவேன். வெளியே நின்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாலே தெரியும். பெருமைக்காகச் சொல்லவில்லை. எங்கிருந்து வேண்டுமானாலும் ஆரம்பிக்கலாம் என்றீர்கள், எனக்கு இங்கிருந்து ஆரம்பித்தால்தான் வசதி.

பெயர் ஆர்விட் ஸ்கெய்டே. வயது ஐம்பத்தெட்டு. ஹெல்லவிக்கிலிருந்து நேசெட்டுக்குப் போகும் ஃபெர்ரியில் கார் தளத்தில் வேலை. மலைகளுக்கு நடுவே நீளமாகப் புகுந்த கடல், அந்த ஃபியோர்டைக் கடக்க இருபது நிமிடம் ஆகும். கார்கள் ஏறும்போது கைகாட்டி வரிசையில் நிறுத்துவோம், கரை வந்ததும் கைகாட்டி இறக்குவோம். இடைப்பட்ட நேரத்தில் எல்லாரும் மேலே போய்க் காபி குடிப்பார்கள், வெண்ணெயும் சர்க்கரையும் தடவி மடித்த ஸ்வேலே அப்பம் சாப்பிடுவார்கள். கீழே நாங்கள் இரண்டு பேர்தான் இருப்போம், நானும் சிக்வேயும்.

இந்த வேலையில் ஒரு விஷயம் உண்டு, வெளியாட்களுக்குத் தோன்றாது. நாள் முழுக்கக் கார்களுக்கு முன்னால் நிற்கிறோம். 'வா, வா' என்று நாங்களே அவற்றை எங்கள் முழங்காலை நோக்கிக் கூப்பிடுகிறோம். இருபத்தொன்பது வருஷம் அதைப் பற்றி நான் யோசித்ததே இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், அக்டோபரில், ஒரு சாம்பல் நிறக் காரைக் கைகாட்டி நிறுத்தினேன். நின்றது. முன்னால் நின்ற லாரியின் பின்பக்கம் போய்க் குனிந்து எதையோ சரிபார்த்தேன். எழுந்து திரும்பினால் கார் எனக்கு நேரே வந்துகொண்டிருக்கிறது. சத்தமே இல்லை. மின்சாரக் காருக்கு ஏது சத்தம்? லாரியின் கம்பிக்கும் காருக்கும் நடுவில் நான். என் முழங்காலைத் தொடுவதற்கு இரண்டு விரல் முன்னால் நின்றது. உள்ளே இருந்த பையன் கைபேசியிலிருந்து தலையைத் தூக்கி, ஜன்னலை இறக்கி, "மன்னிச்சுக்கங்க, பார்க்ல போட்டுட்டேன்னு நெனச்சேன்" என்றான்.

பார்க் என்றால் சக்கரம் உருளாமல் பூட்டிவிடும் கியர். போட்டுவிட்டேன் என்று அவன் நினைத்ததில் தப்பு இல்லை. பிறகு அந்தக் காரைப் பற்றிப் படித்தேன். அதன் கியர் ஒரு சின்னத் தண்டு. முன்னே தள்ளினாலும் பின்னே இழுத்தாலும் கையை விட்டதும் நடுவுக்கே திரும்பி வந்துவிடும். கை எதையும் தெரிந்துகொள்ள முடியாது, ஒரு சின்ன எழுத்தைக் கண் தேடிப் பார்க்க வேண்டும். இன்னொரு காரில் அது திருகும் குமிழ், பாட்டுச் சத்தம் கூட்டும் குமிழுக்குப் பக்கத்திலேயே. இன்னொன்றில் வெறும் பட்டன்கள். இன்னொன்றில் அதுவும் கிடையாது, கண்ணாடித் திரையில் விரலால் தள்ள வேண்டும். ஒன்றில் மேலே தள்ளினால் பின்னால் போகும், அடுத்ததில் கீழே இழுத்தால். இதை எல்லாம் யோசித்துச் செய்தவர்கள் ஒரு நாளாவது ஒரு காருக்கு முன்னால் நின்றிருப்பார்களா?

அந்த நாளுக்குப் பிறகு எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. சாதாரணப் பயம் இல்லை. கடையின் கார் நிறுத்துமிடத்தில் சுவரை ஒட்டியே நடப்பேன். யாராவது காருக்குள் உட்கார்ந்திருந்தால் அவர் கை எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் தாண்ட மாட்டேன். ஃபெர்ரியில் முதல் கார் என்னை நோக்கி ஏறும்போது ஓர் அடி பின்வாங்குவேன். குளிரில் நின்றாலும் சட்டைக்குள் வியர்த்துக் கொட்டும்.

அதனால் எல்லாக் கார்களுக்கும் சக்கரத்துக்கு முன்னால் கட்டை போட ஆரம்பித்தேன். லாரிகளுக்குப் போடும் அதே ஆரஞ்சு நிறக் கட்டை. ஜனங்கள் சிரித்தார்கள். சிக்வேக்கு முப்பத்து நாலு வயசு, வாய் சும்மா இருக்காது.

"பெரிசு, கட்டை போட்டாச்சு, அப்படியே ஒரு போர்வையும் போத்தி விடு. பாவம், காருக்குக் குளிருது."

"நீயும் ஒரு நாள் நசுங்குவே, அப்பத் தெரியும்."

"நான் நசுங்கினா என் ஸ்வேலேய நீயே சாப்பிட்டுக்க."

கேப்டன் மாக்னே சிரிக்கவில்லை. கட்டைகளை எடுக்க ஒவ்வொரு கரையிலும் நான்கு நிமிடம் தாமதமாகிறது என்று மேலே கூப்பிட்டுச் சொன்னார். "லாரிக்குப் போடு, புயல் அடிச்சா எல்லாத்துக்கும் போடு. மத்த நாள்ல வேணாம், ஆர்விட். இது கெஞ்சறது இல்ல, உத்தரவு." நான் நிறுவனத்துக்கு எழுதினேன். திரும்பத் திரும்ப எழுதினேன். எந்தக் கார், எந்த மாதிரித் தண்டு, எத்தனை அங்குலம் நகர்ந்தது, எல்லாம். கடைசியில் ஒரு பதில் வந்தது. மரியாதையான பதில்தான். இதுவரை ஆட்களுக்குக் காயம் ஏதும் ஏற்படாததால் நடவடிக்கை தேவைப்படவில்லை என்று இருந்தது.

அந்த வரியைப் பல நாள் படித்தேன். அவர்கள் இல்லை என்று சொல்லவில்லை பாருங்கள். என் மனுவில் ஒன்று குறைகிறது என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

இதற்கிடையில் சிக்வே ஒரு காரியம் செய்தான். இதை மறைத்தால் நியாயமாகாது. கரை நெருங்கும்போது ஒருவன் முன்முனையில், தடுப்புக் கம்பிக்குப் பக்கத்தில், முதல் வரிசைக் கார்களுக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். மூத்தவன் என்பதால் அது என் இடம். ஒரு நாள் காலை அவன் வந்து என் தோளைத் தொட்டான்.

"இனிமே முன்னாடி நான் நிக்கிறேன். நீ பின்னாடி பாத்துக்க."

"எதுக்கு?"

"உன் காலு ஆடறது எனக்குத் தெரியலன்னு நெனச்சியா? மாக்னேகிட்ட சொல்லல. சொல்லவும் மாட்டேன். போ, போய்ப் பின்னாடி நில்லு பெரிசு."

நல்ல பையன். அவனுக்கு இரண்டு பெண் குழந்தைகள். நான் பின்னால் போய் நின்றேன். ஆனால் பயம் என்னோடு பின்னால் வந்துவிட்டது. அங்கேயும் கார்கள்தானே.

இப்போது குன்வோரைப் பற்றி. எழுபத்தாறு வயது, ஓய்வு பெற்ற ஆசிரியை. செவ்வாய்க்கிழமை தோறும் நேசெட்டுக்கு இடுப்பு வைத்தியத்துக்குப் போவார். போன நவம்பரில் அவர் மகன் வற்புறுத்திப் புதுக் கார் வாங்க வைத்துவிட்டான். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இரண்டு தண்டுகள், இரண்டின் நுனியிலும் ஒரு பட்டன். வலது நுனியை அழுத்தினால் பார்க். இடது நுனியை அழுத்தினால் முன்கண்ணாடிக்குத் தண்ணீர் அடித்து வைப்பர் ஓடும். முதல் நாளே அந்த அம்மாள் தண்ணீர் அடித்துவிட்டுக் கண் கலங்க உட்கார்ந்திருந்தார்.

"ஆர்விட், நாப்பது வருஷம் புள்ளைங்களுக்குப் பாடம் சொல்லிக் குடுத்தேன். இது என்னை முட்டாளாக்குது."

"உங்க மேல தப்பில்ல. நான் பாத்துக்கறேன்."

எங்கள் பக்கத்து ஜனங்கள் ஃபெர்ரியில் காரைப் பூட்ட மாட்டார்கள். தேவைப்பட்டால் நாங்கள் கொஞ்சம் நகர்த்திக்கொள்ளட்டும் என்று சாவியை உள்ளேயே விட்டுவிட்டு மேலே போவார்கள். அப்படித்தான் வழக்கம். குன்வோரும் சாவி அட்டையை உள்ளே வைத்துவிட்டுப் போவார். "பி போட்டிருக்கான்னு ஒரு தடவ பாத்துருப்பா" என்று சொல்லிவிட்டுத்தான் படி ஏறுவார். பார்க்கைக் குறிக்கும் 'பி' எழுத்து திரையில் இருக்கிறதா என்று நான் பார்ப்பேன். நான் பார்த்தேன் என்று தெரிந்தால்தான் அவரால் நிம்மதியாகக் காபி குடிக்க முடியும்.

அவருக்கு உதவத்தான் அந்தக் காரின் கையேட்டை முழுக்கப் படித்தேன். அறுநூற்றுச் சொச்சம் பக்கம். இறங்குகிறவர் மறந்துவிட்டாலும், கதவைத் திறந்ததும் கார் தானாகவே பார்க்கில் போய்விடும். ஒரே ஒரு விதிவிலக்கு. கார் கழுவும் இடத்தில் உருண்டு போவதற்காகத் திரையில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. அதை வைத்துவிட்டால் கார் நியூட்ரலிலேயே கிடக்கும், கதவைத் திறந்தாலும் மூடினாலும்.

மார்ச் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். காற்று இல்லை, அலை இல்லை. குன்வோரின் காரை நடு வரிசையில் முதலாவதாகக் கைகாட்டி நிறுத்தினேன். எந்தக் கார் எங்கே நிற்பது என்பது எங்கள் கையில்தான் இருக்கிறது. அவர் மேலே போனார். சிக்வே லாரிக்காரர்களோடு பேசிக்கொண்டிருந்தான். முன்சக்கரத்துக்கு முதலில் கட்டையைப் போட்டேன். பிறகு உள்ளே உட்கார்ந்து திரையில் அந்த ஏற்பாட்டை வைத்தேன். எட்டு நொடிகூட ஆகவில்லை. கட்டை இருந்ததால் வழியில் யாருக்கும் ஆபத்து வந்துவிடாது. அதில் எல்லாம் நான் கவனமாகத்தான் இருந்தேன்.

கால் எலும்பு ஒன்று முறியும். அவ்வளவுதான் நினைத்தேன். ஆறு வாரம் கட்டுப் போட்டால் சரியாகிவிடும். அதன்பிறகு யாரும் அப்படி ஒரு வரி எழுத முடியாது, எல்லாக் கார்களுக்கும் கட்டை போடச் சொல்லி அவர்களே உத்தரவு போடுவார்கள். எத்தனை பேர் பிழைப்பார்கள், நீங்களே சொல்லுங்கள்.

கரை தெரிந்தது. குன்வோர் படி இறங்கி வந்தார், வீட்டுக்காரருக்காகக் காகிதத்தில் சுற்றிய ஸ்வேலே ஒன்று கையில். "பி இருக்கில்ல?" என்று கேட்டார். "இருக்கு" என்றேன். உள்ளே உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, பெல்ட்டைத் தேடிப் பக்கவாட்டில் திரும்பினார். சிக்வே முன்னால் போய்த் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கப்பல் வேகத்தைக் குறைக்கும்போது காலடியில் ஓர் இழுப்பு தெரியும், நியூட்ரலில் கிடக்கும் கார் முன்னால் உருண்டுவிடும். அதற்குச் சற்று முன்னால் கட்டையைக் காலால் தள்ளி எடுத்துக்கொண்டேன்.

கார் மெதுவாகத்தான் போனது. ஆனால் அது இரண்டு டன். சிக்வேக்கும் அதற்கும் நடுவில் இரண்டு மீட்டர். அந்த அம்மாள் தலையைத் திருப்பினார், பை நழுவி விழுந்தது, கை பட்டனைத் தேடியது. கண்ணாடியில் தண்ணீர் அடித்தது. வைப்பர் ஓடியது. திரும்பவும் தண்ணீர் அடித்தது. மோதியது அவன் காலில் இல்லை, அவன் அப்போதுதான் குனிந்திருந்தான். ஹெலிகாப்டர் சீக்கிரமே வந்தது. ஆனாலும் அன்று சாயங்காலம் வரை அவன் உயிரோடு இல்லை.

வைப்பர் அதன்பிறகும் ஓடிக்கொண்டே இருந்தது. நான்தான் போய் நிறுத்தினேன்.

விசாரணைக்காரர்கள் காரின் நினைவைத் திறந்து பார்த்தார்கள். கழுவும் ஏற்பாட்டை எப்போது, எந்த நிமிடத்தில் வைத்தது என்று அதில் எல்லாம் பதிவாகியிருந்தது. அந்த நிமிடத்தில் அந்த அம்மாள் மேலே காபி வரிசையில் நின்றாரா என்று யாரும் கேட்கவில்லை. வயதானவர், புதுக் கார், தெரியாமல் தொட்டுவிட்டார் என்று முடித்துவிட்டார்கள். அவரும் அப்படியே நம்பிவிட்டார். மே மாதம் என் வீட்டுக்கு வந்தார். பாதியாக இளைத்திருந்தார்.

"ஆர்விட், நீ பாத்தியே. பி இருந்துச்சில்ல? இருந்துச்சுன்னு சொல்லேன்."

"எனக்கு ஞாபகம் இல்லம்மா."

"அப்போ நான்தான் ஏதோ பண்ணியிருக்கேன். சிக்வேயோட புள்ளைங்க மொகத்துல எப்படி முழிப்பேன்?"

அதற்குக்கூட நான் இங்கே வரவில்லை. உள்ளதைச் சொல்கிறேன். போன வாரம் இறுதி அறிக்கை வந்தது. நாற்பத்தொரு பக்கம். வரிவிடாமல் படித்தேன். ஓட்டுநரின் தவறு. எழுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பயிற்சி வகுப்பு வேண்டும். கட்டை பற்றி ஒரு வரி இல்லை. இரண்டு தண்டுகள் பற்றி, நடுவுக்குத் திரும்பிவிடும் கம்பிகள் பற்றி, ஒரு சொல் இல்லை. திங்கட்கிழமை முன்முனையில் புதிதாக ஓர் ஆளை நிறுத்தியிருக்கிறார்கள், கார்களுக்கு முதுகைக் காட்டி. அந்த அறிக்கையைத் திருத்த வேண்டும். அதற்காகத்தான் இந்தப் போலீஸ் நிலையத்துக்கு வந்தேன். நான் செய்ததை எழுதிக்கொள்ளுங்கள், கூடவே அந்தக் காரைப் பற்றியும் எழுதுங்கள்.

பயத்தில் செய்தது, இன்ஸ்பெக்டர் இங்வில். இன்னொருவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம். அந்தப் படகில் பயப்பட்டவன் நான் ஒருவன்தான், யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

நீங்கள் கேட்டதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை, மறக்கவில்லை. கார் நகர ஆரம்பித்தபோது நான் அதன் முன்சக்கரத்துக்குப் பக்கத்திலேயே நின்றேன். கட்டை என் கையில் இருந்தது. குனிந்து வைத்திருந்தால் நின்றிருக்கும். ஒரு சத்தம் போட்டிருந்தால்கூட அவன் விலகியிருப்பான். ஏன் செய்யவில்லை என்று கேட்கிறீர்கள். முதலில், அந்த அம்மாள் சரியான பட்டனைக் கண்டுபிடிக்கிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தேன் என்று நினைத்தேன். யோசித்துப் பார்த்தால் அதுவும் இல்லை. அந்த மூன்று நான்கு நொடியில் என் கால் ஆடவில்லை. வியர்க்கவில்லை. ஒரு கார் ஒரு மனிதனை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது, அந்த மனிதன் நான் இல்லை. ஒன்றரை வருஷத்தில் அப்போதுதான் முதல் தடவையாக நன்றாக மூச்சு விட்டேன்.