வாட்ச்மேன் பூட்ஸ்

விடியற்காலை ஐந்தரை மணி. கீரப்பாளையத்தைத் தாண்டி, வாய்க்காலை ஒட்டி ஒரு மண் ரோடு... இரண்டு பக்கமும் நடவு வயல். ஆள் நடமாட்டமே கிடையாது.

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். என் சிநேகிதன் சார்லசின் அக்கா புருஷன் செம்பியனுக்கு நடந்தது இது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் தடயவியல் ஆபீசில் வேலை. குற்றம் நடந்த இடத்தில் கால் தடத்தை அச்செடுப்பார். கதவை எதை வைத்து நெம்பினார்கள் என்று கீறலைப் பார்த்தே சொல்லிவிடுவார்.

2008 நவம்பர். வாய்க்காலிலிருந்து நூறு அடி தள்ளி ஒற்றை வீடு. ரைஸ்மில் வாட்ச்மேன் சடையப்பனின் வீடு. ஐந்து நாளைக்கு முன்னால் யாரோ அவரைக் கடப்பாரையால் மண்டையில் அடித்திருந்தார்கள். பிணம் வாய்க்காலில் கிடந்தது. கடப்பாரையையும் அவர் காலில் இருந்த பூட்ஸையும் செம்பியனே அரக்கு சீல் வைத்து ஆபீஸ் பீரோவில் பூட்டியிருந்தார்.

இப்போது கூப்பிட்டது சடையப்பன் மனைவி மாரியம்மாள்.

"மூணு நாளா பின்கதவ நெம்புறாரு சார்..."

"யாரும்மா?"

அவள் வீட்டின் பின்பக்கம் நடந்தாள்.

துணைக்கு வந்த கான்ஸ்டபிள் ஆண்டி டார்ச் அடித்தார். கதவில் புதுக் கீறல். சேற்றில் பூட்ஸ் தடம், வாய்க்காலிலிருந்து கதவு வரைக்கும். திரும்பிப் போன தடம் இல்லை. மழை நாலு மணிக்குத்தான் விட்டிருந்தது. தடம் அதற்குப் பிறகு விழுந்தது.

செம்பியன் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைக் கரைத்து ஊற்றினார். இறுகும்போது அது சூடாகும். தொட்டுப் பார்த்தார்... ஐஸ் மாதிரி சில்லென்று இருந்தது. குப்பென்று தவிட்டு வாசனை.

ஆபீசில் அச்சைக் கழுவினார். இடது குதிகாலில் பிறை மாதிரி ஒரு வெட்டு. சடையப்பன் பூட்ஸைப் பற்றி அவர் எழுதிய ரிப்போர்ட்டில் அதே வெட்டு இருக்கிறது. கதவுக் கீறலும் அந்தக் கடப்பாரையின் முனையோடு பொருந்தியது.

பீரோவைத் திறந்தார். அரக்கு அப்படியே இருந்தது. பூட்ஸ் இருந்த பை மட்டும்... உள்பக்கம் வேர்த்திருந்தது.

சாயங்காலமே ஓடினார். "இன்னிக்கு இங்க இருக்காதம்மா. சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிடு."

மாரியம்மாள் தரையைப் பார்த்தபடியே சொன்னாள்: "அன்னிக்கு அடிபட்டு வந்து கதவத் தட்டுனாரு சார். 'தெற புள்ள, தெற புள்ள'ன்னு... கூட யாரோ நின்னாங்க. பயந்துகினு நான் தெறக்கல."

அவள் எங்கும் போகவில்லை.

மறுநாள் காலையில் ஆண்டி போன் செய்தார். கதவு திறந்து கிடந்தது. தாழ்ப்பாள் உள்ளே இருந்தே விலக்கியிருந்தது. சேற்றில் பூட்ஸ் தடம், பக்கத்திலேயே ஒரு பெண்ணின் வெறுங்கால் தடம். இழுத்துப்போன அடையாளம் இல்லை. நிதானமாக, ஜோடியாக...

செம்பியன் ஓரமாகவே நடந்து பார்த்தார். பாதி வழியில் பூட்ஸ் தடம் நின்றுவிட்டது. வெறுங்கால் மட்டும் தண்ணீர் வரைக்கும் போயிருந்தது. மூன்று நாள் தேடினார்கள். மாரியம்மாள் கிடைக்கவில்லை.

சார்லஸ் ஒரே ஒரு தடவைதான் அவரிடம் கேட்டிருக்கிறான். "அந்த எடத்துல அப்படி என்னதான் பார்த்தீங்க மாமா?"



"பூட்ஸ் தடம் நின்ன எடத்துலேருந்து... அந்தம்மா காலு ரெண்டு மடங்கு ஆழமா எறங்கியிருந்துச்சு மச்சான். முதுவுல ஒரு ஆளத் தூக்கிகினு நடந்தாதான்... அப்படி எறங்கும்."