ஹன்னாவின் முதல் எழுத்து

என் பெயர் ஹெதர் ஹன்னா. வயது நாற்பத்தெட்டு. கலைக் கல்லூரி விரிவுரையாளர். தெற்கு பெல்ஃபாஸ்டில் தனியாக வசிக்கிறேன். டெரிக் ஹன்னா என் அண்ணன். நகரின் கிழக்கே எங்கள் அப்பாவின் வீட்டில் இருக்கிறான்.

அப்பா புராட்டஸ்டண்ட். அம்மா பெர்னடெட் கத்தோலிக்கர். மணமாகி அப்பாவின் புராட்டஸ்டண்ட் தெருவுக்கு வந்ததும், கத்தோலிக்கர் என்று தெரியாதிருக்க, பெயரை ‘பெட்டி’ (Betty) என்று மாற்றிக்கொண்டார். ஆங்கிலத்தின் எட்டாம் எழுத்தான H-ஐ இங்கே கத்தோலிக்கர் ‘ஹெய்ச்’ என்பார்கள், புராட்டஸ்டண்டுகள் ‘எய்ச்’ என்பார்கள். இந்த வாக்குமூலத்தை எழுதும் காவல் அதிகாரிக்கு இது தெரியும். நீதிபதி வெளியூர்க்காரராக இருக்கலாம் என்பதால் சொல்கிறேன். அம்மா முப்பத்தொரு வருடம் ‘எய்ச்’ என்றார். ஐந்து வயதில் நான் அம்மாவின் தங்கையான சித்தியைப் போலவே ‘ஹெய்ச்’ என்றபோது அம்மா மரக்கரண்டியால் என் புறங்கையில் அடித்தார். கடைசி வாரம் மருத்துவமனையில் அவர் குரலைக் கேசட்டில் பதிந்துகொண்டிருந்தேன். நர்ஸ் வந்து குடும்பப் பெயரை எழுத்துக்கூட்டச் சொன்னார். அம்மா ‘ஹெய்ச்’ என்று தொடங்கினார்.

அந்தக் கேசட்டைத்தான் என் கண்காட்சியில், காலி அறையில் ஒரு நாற்காலிக்கு எதிரே ஒலிக்கவிட்டிருந்தேன். பிரதி எடுக்காதது என் தவறு. கடந்த சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு டெரிக் வந்து, உட்கார்ந்து இரண்டு முறை கேட்டான். அதன் பிறகு என்னிடம் வந்தான்.

“எங்களுக்கெல்லாம் இருபத்தாறு எழுத்து வேணும். படிச்சவளுக்கு ஒண்ணே போதும், கண்காட்சியே வச்சிடுவா.”

“அம்மா அவங்க பேரைத்தான் சொல்றாங்க, டெரிக்.”

“நாளைக்கு நம்ம தெருவுல என் பிள்ளைங்களை நீ எந்தப் பக்கம்டான்னு கேப்பாங்க. நீயா வந்து பதில் சொல்லுவ?”

அதன் பிறகு கேசட்டை எடுத்துக் கோட்டுப் பைக்குள் போட்டான். நான் அவன் கையைப் பிடித்தேன். உதறினான்.

“உடைக்க மாட்டேன்டி. அவங்க எனக்கும் அம்மாதான். கதவைச் சாத்திட்டு நான் மட்டும் கேட்டுக்கறேன்.”

அதன் பிறகு நான் இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன். “அண்ணன் தங்கச்சி விவகாரம்தானே மேடம், ஒரு டீ குடிச்சுப் பேசித் தீத்துக்கலாமே” என்றார் அதிகாரி. அந்த வாக்கியத்தையும் எழுதச் சொன்னேன். எழுதினார். மதப் பகையால் நடந்த குற்றம் என்று பதியலாமா என்றும் கேட்டார். யாருக்கு யார் மீது பகை என்று அவரே நிரப்பிக்கொள்ளட்டும்.

நான் கோருவது கேசட்டை. அம்மா எந்த வீட்டில் அந்த எழுத்தை வாய்விட்டுச் சொல்ல முடியாமல் இருந்தாரோ, அதே வீட்டில் அதை மறுபடி அடைத்து வைத்திருக்கிறான். அவன் அண்ணன் என்பதற்காகப் புகாரைத் திரும்பப் பெற மாட்டேன்.

படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னதே எழுதப்பட்டிருக்கிறது, எல்லாம் உண்மை.

(ஒப்பம்) ஹெதர் ஹன்னா, பெர்னடெட்டின் மகள்